ஏழு நிமிடச் சிரிப்பு

மண்டபத்தில் அறுபது பேர் இருந்தனர். அறுபது பேரும் சிரித்தனர். இதழோரத்துப் புன்முறுவல் என்று எண்ணிவிடாதீர். வயிற்றைப் பிடித்துக் கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரர் தோளைத் தட்டிக் கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தனர். கும்பகோணத்தில், 2018ஆம் ஆண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. திரையில் ஓடிக் கொண்டிருந்தது நாம் எடுத்த குறும்படம். நீளம் ஏழு நிமிடம். நாம் தூணோரம் நின்று, அந்தச் சிரிப்பைத் தேனென மாந்திக் கொண்டிருந்தோம்.

அறுபத்தோராவது ஆளும் ஒருவர் இருந்தார். முன்வரிசையில், பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிய சுங்கடிச் சேலையுடன், மடியில் கைப்பையுடன் அமர்ந்திருந்தார். திரையிலும் அவர்தான் இருந்தார். நம் தாயார்.

சிரிப்பலை எழுந்தபோது அவர் தலையைத் திருப்பிப் பின்வரிசைகளைப் பார்த்தார். யார் சிரிக்கிறார்கள், எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று அறிந்துகொள்ள விரும்பியவரைப் போலப் பார்த்தார். பிறகு, எல்லோரும் சிரிக்கும்போது தாம் மட்டும் சும்மா இருப்பது மரியாதையாகாது என்று கருதினாரோ என்னவோ, அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அன்று நாம் வெற்றிப் பட்டியலிலே சேர்த்துக் கொண்டோம். "பாருங்கள், தாயாரே இரசிக்கிறார்!" என்று நண்பரிடம் சொன்னோம் வேறு!

வெட்கத்தோடு எழுதுகிறோம், தோழர்களே! ஆனால் எழுதத்தான் வேண்டும்.

படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறோம். நம் வீட்டுக் கூடத்துச் சுவரிலே இரண்டு நாட்காட்டிகள் தொங்கும். ஒன்று மளிகைக் கடை தந்தது. மற்றொன்று அடகுக் கடை தந்தது. (நகையை வாங்கி வைத்துக் கொள்பவர், பதிலுக்கு நாளைத் தருகிறார்; என்ன பெருந்தன்மை!) காலையில் பல் துலக்கியதும் தாயார் இரண்டிலும் ஒவ்வொரு தாளைக் கிழிப்பார். நல்ல நேரம் எது, இராகு காலம் எது, எமகண்டம் எது என்று பார்ப்பார். பிறகு தம் இராசிக்கு நேரே அச்சிட்டிருக்கும் ஒரே ஒரு சொல்லைப் படிப்பார். வரவு, செலவு, அமைதி, கோபம், நன்மை, பகை! பன்னிரண்டு இராசிக்குப் பன்னிரண்டு சொல். நாட்டு மக்கள் அத்தனை பேருடைய நாளும் அந்தப் பன்னிரண்டுக்குள் அடக்கம்!

பகுத்தறிவாளனுக்கு இதைவிட இனிய இரை வேறு உண்டோ? இராகு காலம் என்பதன் கணக்கை யோசித்துப் பாருங்கள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரையுள்ள பன்னிரண்டு மணியை எட்டால் வகுத்தால் ஒன்றரை மணி. அந்த எட்டுத் துண்டில் ஒன்றை எடுத்து, கிழமைக்கு ஒன்றாகப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். திங்களன்று ஏழரை முதல் ஒன்பது. ஞாயிறன்று நாலரை முதல் ஆறு. விண்ணிலே எந்தக் கோளும் கிழமை பார்த்து உலவுவதில்லை. வகுத்தல் தெரிந்த பிள்ளை இதைக் கண்டு நகைக்காமல் இருப்பானா? நாமும் நகைத்தோம். நகைத்தது தவறில்லை என்றே இன்றும் சொல்வோம். தவறு வேறிடத்திலே நடந்தது.

படத்துக்கு ஓர் உச்சம் தேவைப்பட்டது. சும்மா இராசிபலன் படிப்பதை ஏழு நிமிடம் யார் பார்ப்பார்கள்? எனவே ஒரு சோதனை செய்தோம். ஒரு சனிக்கிழமை இரவு, தாயார் உறங்கிய பின், இரண்டு நாட்காட்டிகளிலும் மேல் தாளை மெல்லத் தூக்கி, அடியிலிருந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்தெடுத்து விட்டோம். மறுநாள் காலை அவர் சனிக்கிழமையைக் கிழித்தார், திங்கட்கிழமை தெரிந்தது. திங்கட்கிழமை அவருக்கு அடகுக் கடையில் வட்டி கட்ட வேண்டிய நாள். ஏழரை முதல் ஒன்பது இராகு காலமாயிற்றே! ஒன்பது அடிக்கக் காத்திருந்தார். பத்தரைக்கு எமகண்டம் தொடங்குமுன் போய்ச் சேர வேண்டுமென்று, நாலு கிலோமீட்டர் தொலைவை நடந்தார், சித்திரை வெயிலில். கடை மூடியிருந்தது. ஞாயிறாயிற்றே, மூடித்தானே இருக்கும்! பூட்டைப் பார்த்துக் கொண்டு நிற்கும் அவரை எதிர்த் தேநீர்க் கடையிலிருந்து கைப்பேசியால் படம் பிடித்தோம். அந்தக் காட்சியின் மேல் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: "நேற்றிரவு இயக்குநர் ஒரு தாளைக் கூடுதலாகக் கிழித்து விட்டார்."

அங்கேதான் அறுபது பேர் சிரித்தார்கள். அங்கேதான், அந்த வரியைப் படித்துத்தான், தாயாரும் நடந்தது என்ன என்று முதன் முதலாக அறிந்தார். அறுபது பேர் நடுவிலே!

வீடு திரும்பும் பேருந்தில் அவர் சொன்னது ஒரே வாக்கியம். "நல்லாத்தான்டா எடுத்திருக்கே."

குறும்படம் என்னும் வடிவத்தின் மேல் நமக்கு மோகம் உண்டாகக் காரணம் இருந்தது. வேலைக்காரி (1949), பராசக்தி (1952) என்று வசனம் கொட்டிய பெரும்படங்களின் பேச்சைத் தந்தையார் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் படங்கள் கருத்தைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தன, ஐயமில்லை. ஆனால் அவற்றுக்கு முதலாளி வேண்டும், படநிலையம் வேண்டும், நடிகர் வேண்டும், பாட்டு வேண்டும். குறும்படத்துக்கு என்ன வேண்டும்? ஓர் ஆள், ஒரு கருவி, சொல்லியே தீர வேண்டிய ஒன்று. அவ்வளவுதான்.

தந்தையார் காலத்திலே குறும்படம் என்றால் மக்கள் எழுந்து வெளியே போகும் படம் என்று பொருள்! 1948இல் தொடங்கப்பட்ட மைய அரசின் படப்பிரிவு எடுத்த செய்திப் படங்களைக் கொட்டகைக்காரர்கள் பெரும்படத்துக்கு முன் காட்டியாக வேண்டும் என்று விதி. அணைக்கட்டும் அமைச்சரும் திரையில் வந்ததும் பீடி பற்ற வைக்க ஆட்கள் வெளியேறுவர். ஆயினும் அந்தப் படப்பிரிவுக்குள்ளேயே சிலர் குறும்பு செய்தனர். எஸ்.என்.எஸ். சாஸ்திரி என்பவர், நாடு விடுதலை பெற்ற 1947இல் பிறந்த இளைஞர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்கு இருபது வயதான 1967இல் 'நான் இருபது' என்ற படம் எடுத்தார். அரசின் பணத்தில் எடுத்த படம். அதிலே இளைஞர்கள் நம்பிக்கையும் பேசினர், கசப்பும் பேசினர். மறு ஆண்டே, 'நானும் குறும்படம் எடுக்கிறேன்' என்னும் பொருள்படும் தலைப்பிலே, தம் தொழிலையே கிண்டல் செய்து ஒன்று எடுத்தார். பீடி பற்ற வைக்கப் போனவர்கள் எதைத் தவற விட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம் நாம் அறிந்தது நம் படம் வெளியான பிறகு. அறிய வைத்தவர், நமக்கு ஒளிப்பதிவு செய்த நண்பர். பெயர் வேண்டாம் என்கிறார், விட்டு விடுகிறோம். திரையிடல் முடிந்து சில மாதங்கள் கழித்து, ஒருநாள் மாலை அவர் வீட்டுக்கு வந்தார். கையில் கணினி. "உட்கார். பதினான்கு நிமிடம் ஒரு படம் பார்க்க வேண்டும்" என்றார். நம் படத்தைப் பாராட்டாத ஒரே நண்பர் அவர் என்பதால் சற்றே முறைப்புடன்தான் உட்கார்ந்தோம்.

யுகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்தது, இன்று இல்லை. பொதுவுடைமை ஆட்சி நடந்த நாடு. அங்கே நோவி சாத் என்னும் நகரிலே ஜெலிமிர் ஜில்னிக் என்றொரு படைப்பாளி. 1942இல் நாஜிகளின் வதைமுகாமிலே பிறந்தவர். பெற்ற தாயைக் கொலைகாரர்கள் கொன்றனர். வளர்ந்து, தம் முதல் நெடும்படத்துக்கே 1969இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றவர். அவரும் அவரைப் போன்றவர்களும் நாட்டின் இருண்ட பக்கத்தையே காட்டுகிறார்கள் என்று ஆட்சிக்கு வேண்டியவர்கள் சினந்து, அவர்கள் படங்களுக்குக் 'கறுப்பு அலை' என்று பெயர் சூட்டினர். ஜில்னிக் என்ன செய்தார் தெரியுமா? 1971இல் எடுத்த குறும்படத்துக்குக் 'கறுப்புப் படம்' என்றே பெயரிட்டார்! "வைதீரல்லவா? இதோ நெற்றியிலேயே எழுதிக் கொண்டோம்" என்பது போல.

அந்தப் படத்திலே நடப்பது இது. குளிர்கால இரவு. வீடற்றவர்கள் தெருவிலே. அந்த நாட்டிலே வீடற்றவர் என்று எவரும் இருக்கவே கூடாது. அரசின் கொள்கை அப்படி! ஜில்னிக் அவர்களிடம் பேசுகிறார், அவர்களைத் தம் சிறிய அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். நள்ளிரவில் துணைவியாரை எழுப்பி, இவர்கள் இன்று நம் வீட்டில் தங்குவார்கள் என்கிறார். அந்த அம்மையாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டில் சிறு குழந்தை வேறு. வந்தவர்கள் கூடத்திலே படுக்கிறார்கள். மறுநாள் ஜில்னிக் ஒலிவாங்கியும் கையுமாகத் தெருவிலே இறங்குகிறார். போவோர் வருவோரிடம், அதிகாரிகளிடம், காவலரிடம் கேட்கிறார்: "என் வீட்டில் வீடற்றவர் சிலர் இருக்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?" ஒருவரிடமும் விடை இல்லை. நழுவுகிறார்கள், நெளிகிறார்கள், வேறு அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது. யாரைப் பார்த்து? தரையில் படுத்திருக்கும் அந்த மனிதர்களைப் பார்த்தா? இல்லை. விடை தெரியாத கனவான்களைப் பார்த்து.

அதோடு நின்றிருந்தால் அது நல்ல அரசியல் நையாண்டி. அவ்வளவே. ஆனால் முடிவைக் கேளுங்கள். ஜில்னிக் வீடு திரும்புகிறார். விருந்தினர்களிடம் சொல்கிறார்: தீர்வு ஏதும் கிட்டவில்லை, படச்சுருளும் தீரப் போகிறது, நீங்கள் போய்விட வேண்டும். போகிறார்கள்.

படச்சுருள் தீரப் போகிறது! அந்தச் சொல்லிலே நம் சிரிப்பு தொண்டையில் நின்று விட்டது. ஏழைகளைக் காட்டிப் படமெடுத்துப் பெயர் வாங்குகிறாரே, அவருக்கு அந்த ஏழைகள் எத்தனை நாள் வேண்டும்? சுருள் இருக்கும் வரை வேண்டும். இதை எதிரி ஒருவன் சொல்லவில்லை. ஜில்னிக்கே தம்மைப் பற்றிச் சொல்கிறார், தம் முகத்தைத் திரையிலே காட்டிக் கொண்டு சொல்கிறார். குற்றவாளிக் கூண்டிலே அதிகாரியை ஏற்றினார், காவலரை ஏற்றினார், இறுதியில் தாமும் ஏறி நின்றார்.

படம் முடிந்தது. நண்பர் கணினியை மூடவில்லை. இன்னொரு கோப்பைத் திறந்தார். அது நம் படத்திலிருந்து நாமே வெட்டியெறிந்த துண்டு. வெட்டியதை நாம் அழித்திருந்தோம். அவர் ஒரு படி வைத்திருந்தார்.

அந்த ஞாயிறு காலை. தாயார் சனிக்கிழமையைக் கிழிக்கிறார். திங்கட்கிழமை தெரிகிறது. நெற்றியைச் சுருக்குகிறார்.

"ஏன்டா, நேத்து சனிக்கிழமைதானே?"

படத்துக்கு வெளியிலிருந்து நம் குரல்: "இல்லம்மா, நேத்து ஞாயிறு. மறந்துட்டியா?"

"சனிக்கிழமைதான்னு நெனச்சேனே..."

"ஞாயிறும்மா."

தாயார் ஒரு கணம் நம்மைப் பார்க்கிறார். "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நண்பர் கேட்டார்: "இதை ஏன் வெட்டினாய்?"

"நீளம் கருதி" என்றோம். பத்து நொடித் துண்டு! நீளமாம்!

தோழர்களே, சோதனை என்றால் என்ன என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே விடு, கண்டதை மறைக்காமல் எழுது. நாம் செய்தது என்ன? நாட்காட்டியை நம்பி ஒரு பெண்மணி ஏமாந்தார் என்று காட்ட விரும்பினோம். நடந்தது வேறு. அவர் நாட்காட்டியை ஐயுற்றார்! அச்சடித்த தாளைத் தம் நினைவோடு ஒப்பிட்டார், பொருந்தவில்லை என்று கண்டார், கேள்வி கேட்டார். பகுத்தறிவு என்று நாம் மேடையிலே முழங்குவது அதைத்தானே? அந்தக் கேள்வியை அடக்கியது எது? தாளா, கோளா? படித்த பிள்ளையின் பொய்! நாட்காட்டிக்கு அஞ்சி அவர் நடக்கவில்லை. நம் சொல்லை நம்பி நடந்தார். அந்த உண்மை நம் கையிலே இருந்தது. அதைக் கத்தரித்து விட்டு, மூடநம்பிக்கையை முறியடித்தோம் என்று தோள் தட்டினோம். வேண்டாத விளைவை மறைத்து விட்டு வேண்டியதை மட்டும் வெளியிடுகிற ஆராய்ச்சியாளனை என்னவென்று அழைப்பீர்கள்? அந்தப் பெயர் நமக்கும் பொருந்தும்.

நண்பர் அத்தோடு விடவில்லை. அந்தத் துண்டின் இறுதியைச் சுட்டிக் காட்டினார். தாயார் கிழித்த சனிக்கிழமைத் தாளைக் கசக்கிப் போடவில்லை. திருப்பி, மாடத்தில் வைத்துப் பென்சிலால் ஏதோ எழுதினார். படம் பிடித்த அன்று நமக்கு அது கண்ணிலேயே படவில்லை. முன்பக்கம் இராசிபலன் இருக்கிறதல்லவா, அது போதும் என்று இருந்து விட்டோம். பின்பக்கத்திலே என்ன?

ஊருக்குப் போனபோது அரிசிப் பெட்டிக்கு மேலிருந்த அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஆண்டு வாரியாக நூல் கட்டிய தாள்கள். ஒவ்வொன்றின் பின்னும் கணக்கு. பால், மண்ணெண்ணெய், தந்தையாரின் மருந்து, வட்டி, நம் கல்லூரிக் கட்டணம். சங்கிலி போன நாள், வட்டி கட்டிய நாட்கள், மீளாத நாட்கள். இராசிபலன் சொன்ன 'வரவு' முன்னே. வராத வரவு பின்னே. அந்தப் பெட்டியின் முன் நாம் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோமோ, அறியோம்.

ஊருக்குப் புறப்படுமுன் அந்த ஒரு மாதத்திலே நண்பர் தந்த படங்களை வரிசையாகப் பார்த்தோம். எல்லாமே சிறியவை. கியூபா நாட்டு சான்தியாகோ ஆல்வாரெஸ் 1965இல் எடுத்த 'இப்போதே!' ஆறே நிமிடம். அமெரிக்கக் கறுப்பின மக்களை அடித்து நொறுக்கிய காட்சிகளின் புகைப்படங்களையும் செய்தித் துண்டுகளையும், லேனா ஹோர்ன் பாடிய ஒரு பாட்டின் தாளத்துக்கு வெட்டி ஒட்டியிருக்கிறார். புதிதாக எடுக்கப் பணமில்லை, கருவியில்லை. பிறர் எடுத்ததைக் கொண்டே தீ மூட்டினார். அது சினத்தின் படம். நமக்கு வேண்டியிருந்தது சிரிப்பின் பாடம்.

அதை இருவர் தந்தனர். இருவரும் பெண்கள்.

ஒருவர் அமெரிக்கரான மார்த்தா ரோஸ்லர். 1975இல் எடுத்த படம். தலைப்பு 'சமையலறையின் குறியியல்' என்று தமிழாகும். இதுவும் ஆறு நிமிடந்தான். அசையாத ஒளிக்கருவி. தொலைக்காட்சியிலே சமைத்துக் காட்டும் அம்மையாரைப் போல நிற்கிறார் ரோஸ்லர். ஆங்கில அகரவரிசைப்படி ஒவ்வொரு சமையல் கருவியாக எடுத்துப் பெயர் சொல்லிப் பயன்படுத்திக் காட்டுகிறார். முகத்தில் ஒரு சிரிப்புக் கோடு இல்லை. மேலாடை, கிண்ணம், வெட்டுக் கத்தி என்று வரிசை போகிறது. போகப் போகக் கை ஓங்குகிறது. கத்தி காற்றைக் குத்துகிறது. அகப்பை, உள்ளே இல்லாத குழம்பைத் தோளுக்குப் பின்னே வீசி எறிகிறது. கடைசி எழுத்துகளுக்குக் கருவிப் பெயர் சொல்வதை விட்டு, முள்கரண்டியும் கத்தியும் ஏந்திய கைகளாலேயே எழுத்தை வரைகிறார். முடித்து விட்டுத் தோளைக் குலுக்குகிறார், ஒன்றுமே நடவாதது போல! பார்த்தவன் சிரிக்கிறான், சிரித்து முடிக்குமுன் அச்சமும் கொள்கிறான். அந்தப் படத்திலே சிரிப்புக்கு ஆளானவர் யார்? அடுப்பங்கரையே பெண்ணின் அகரமும் னகரமும் என்று எழுதி வைத்த சமுதாயம். மேலாடை கட்டி நிற்பவர் யார்? படம் எடுத்தவரே. தம் தாயாரையோ, அண்டை வீட்டுப் பெண்ணையோ நிறுத்தி வைத்து அவர் வேடிக்கை காட்டவில்லை.

மற்றொருவர் மோனா ஹாதும். பாலத்தீனப் பெற்றோருக்குப் பெய்ரூட் நகரில் 1952இல் பிறந்தவர். 1975இல் இலண்டனுக்குப் போயிருந்த வேளையில் இலெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டது. திரும்ப முடியாமல் அங்கேயே தங்கினார். 1988இல் அவர் எடுத்த படம் 'தொலைவின் அளவுகள்' எனலாம். பதினைந்து நிமிடம். தாயார் குளிக்கும்போது மகள் எடுத்த நிழற்படங்கள் திரையில். அவற்றின் மேல் முள்வேலி போல அரபு எழுத்து. தாயார் மகளுக்கு எழுதிய கடிதங்கள். பின்னணியிலே தாயும் மகளும் அரபு மொழியில் சிரித்துப் பேசும் ஒலி. அதன் மேல், கடிதங்களை ஆங்கிலத்தில் படிக்கும் மகளின் துயரக் குரல்.

அந்தக் கடிதங்களிலே நம்மை நிறுத்தி வைத்த இடம் ஒன்றுண்டு. இந்தப் படங்களை எடுத்ததைக் கண்டு தந்தையார் சினந்தார் என்பதைத் தாயார் எழுதுகிறார். ஆயினும் மகள் தன் வேலைக்கு அவற்றைப் பயன்படுத்தலாம் என்று இசைவு தருகிறார். தந்தையாரிடம் மட்டும் சொல்லாதே என்கிறார். இசைவு! அம்மணமாகத் தாயைக் காட்டிய மகளின் படத்திலே தாயின் மானம் சிறிதும் குலையவில்லை. ஏனெனில் தாய் அறிந்தார், பேசினார், சரி என்றார், நிபந்தனையும் போட்டார். முழுச் சேலை கட்டிய தம் தாயைக் காட்டிய மகனின் படத்திலே மானம் போயிற்று. கடைசிக் கடிதத்திலே, உள்ளூர் அஞ்சலகம் குண்டு வெடித்து அழிந்தது என்ற செய்தி வருகிறது. இனி எழுத வழியில்லை. அவர்களுக்கிடையே கடல் இருந்தது, போர் இருந்தது. எங்களுக்கிடையே இருந்தது ஒரு கைப்பேசி. அவர்கள் அருகிலிருந்தார்கள்; நாம்தான் தொலைவில் இருந்தோம்.

இங்கே சில தோழர்கள் குறுக்கிடக் கூடும். "அப்படியானால் மூடப் பழக்கத்தை நகையாடக் கூடாது என்கிறீரா? தாய் என்பதற்காகப் பல்லிக்கும் பஞ்சாங்கத்துக்கும் பணிய வேண்டுமா?" அன்று. ஆயிரம் முறை அன்று! நகைச்சுவை நம் கையிலுள்ள கூரிய கருவி. அதைக் கீழே போடச் சொல்லவில்லை. எங்கே வீசுவது என்பதுதான் வினா. இராசிக்கு ஒரு சொல் என்று அச்சடித்து இலட்சக்கணக்கில் விற்பவன் இருக்கிறான். வட்டிக்கு நகை வாங்கிக் கொண்டு அதே தாளை இலவசமாகச் சுவரில் மாட்டுபவன் இருக்கிறான். இவர்களையெல்லாம் விட்டு விட்டு, வெயிலில் நடந்து போன அம்மாளைப் பிடித்தோமே, அது வீரமா? அருகில் இருந்தார், எதிர்த்துப் பேச மாட்டார், கட்டணம் கேட்க மாட்டார். எளிதாய் இருந்தது, எடுத்தோம்.

2019 டிசம்பரில் தாயாரிடம் பேசினோம். சுற்றி வளைத்துத்தான் தொடங்கினோம். மேடையிலே மழையெனப் பொழியும் வாய் அன்று வறண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையைக் கிழித்தது தவறு என்றோம். வெயிலில் நடக்க விட்டது தவறு என்றோம்.

அவர் முருங்கைக் கீரை ஆய்ந்து கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நடந்ததுல என்னடா இருக்கு, தினம் நடக்கறதுதானே. கடை வாசல்ல பூக்காரி சொன்னா, இன்னிக்கி ஞாயித்துக்கிழமையாச்சே அக்கான்னு. உனக்கு என்னமோ குழப்பம், ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் படிக்கிறியே, உடம்புக்கு ஏதாச்சும் முடியலையோன்னு நெனச்சுக்கிட்டேதான் திரும்பி வந்தேன்."

நிறுத்தினார். ஒரு கொத்து ஆய்ந்து முடித்தார்.

"அங்க எல்லாரும் சிரிச்சப்பத்தான் தெரிஞ்சுது, வெளையாட்டுன்னு."

அதற்கு நாம் என்ன விடை சொல்லியிருக்க முடியும்?

மீண்டும் ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டோம். கேட்டோம் என்பதை அழுத்திச் சொல்கிறோம், ஏனெனில் முதல் முறை கேட்கவில்லை. நம் எண்ணத்திலே முழுத் திட்டமும் இருந்தது. அந்த அட்டைப் பெட்டி, நூல் கட்டிய தாள்கள், முன்பக்கத்துப் பொய், பின்பக்கத்து மெய்! பார்ப்பவர் கண்ணீர் விடுவர்! எழுச்சியோடு விவரித்தோம். தாயார் முழுதும் கேட்டார்.

"கணக்கக் காட்டக் கூடாது" என்றார்.

"ஏம்மா? அதுதானே உண்மை? அதுலதானே உன் பெருமையே இருக்கு?"

"கடன் வாங்குனது வீட்டுக்குள்ள இருக்கட்டும். மூஞ்சி வேணும்னா காட்டு. கிழிக்கிறதக் காட்டு, படிக்கிறதக் காட்டு. கணக்கு வேணாம்."

பாருங்கள், மறுபடியும் சறுக்கினோம்! முதலில் அவரை அறியாமையின் சின்னமாக்கினோம். இரண்டாம் முறை தியாகத்தின் சின்னமாக்கப் புறப்பட்டோம். இரண்டுக்கும் அவர் இடந்தரவில்லை.

அவர் நிபந்தனைப்படியே எடுத்தோம். நாலு நிமிடம். தாயார் நேராக ஒளிக்கருவியைப் பார்த்து நாட்காட்டி படிக்கிறார். இடையிடையே நாம் கேள்வி கேட்கிறோம். நம் குரலும் இருக்கிறது, ஓரிடத்தில் கண்ணாடியில் நம் முகமும் விழுகிறது, வெட்டவில்லை. ஒருநாள் இரண்டு நாட்காட்டிகளும் ஒரே இராசிக்கு முரண்பட்டன. மளிகைக் கடைத் தாளிலே ரிஷபத்துக்கு 'வரவு'. அடகுக் கடைத் தாளிலே 'செலவு'. அகப்பட்டாரடா என்று உள்ளுக்குள் துள்ளினோம்.

"இப்ப எதும்மா சரி? ரெண்டும் எப்படி சரியா இருக்கும்?"

தாயார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் சரிதான். மளிகைக் கடைக்காரனுக்கு நாம போனா வரவு, அடகுக் கடைக்கு நாம போனா நமக்குச் செலவு. அவனவன் கணக்க அவனவன் அச்சடிச்சிருக்கான்."

முன்பு படம் காட்டிய அதே மண்டபத்தில், 2020 பிப்ரவரியில், அதைத் திரையிட்டோம். அந்த இடம் வந்ததும் சிரிப்பு எழுந்தது, முன்னதைவிடப் பெரிது. தாயார் இம்முறையும் முன்வரிசை. இம்முறையும் திரும்பிப் பார்த்தார். பார்த்து விட்டு, முகத்தை நேரே வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. தம் பகடிக்குத் தாமே சிரிக்காத பழக்கம் அவரிடம் உண்டென்பதை அன்றுதான் கவனித்தோம்.

அடுத்த நாள் காலையும் எழுந்து தாளைக் கிழித்தார். இராகு காலம் பார்த்தார். பழக்கம் போகவில்லை. போக்கி விட்டோம் என்று எழுதினால் மீண்டும் ஒரு துண்டை வெட்டியவர்களாவோம். விவாதம் தொடர்கிறது, தோற்பது பெரும்பாலும் நாமே.

முதற்படத்தை எவருக்கும் காட்டுவதில்லை. அழிக்கவுமில்லை, வெட்டிய பத்து நொடியை அதற்குரிய இடத்திலே ஒட்டி, நண்பரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் தாயாருக்குப் படித்துக் காட்டினோம். பெட்டியைப் பற்றியும் வட்டியைப் பற்றியும் வருகிறதே, விடலாமா என்று கேட்டோம். சற்று யோசித்தார்.

"எத்தன ரூபாய்னு எழுதியிருக்கியா?"

"இல்லம்மா."

"அப்பச் சரி" என்றார். பிறகு, "முருங்கக் கீரையெல்லாம் எதுக்குடா எழுதினே?" என்றார்.